மீன் பெட்டி: தெர்மாகோலுக்குப் பதில் வாழைநார் ஏரோஜெல் சரிவருமா?

சீலாமீன் கேட்டது:
தூத்துக்குடியிலிருந்து தினமும் ராத்திரி பஸ்ஸில் கோவைக்கு மீன் பார்சல் போடுகிறேன். சீலா, ஊளி, விளமீன். எல்லாமே தெர்மாகோல் பெட்டியில்தான். விடியும்வரை ஐஸ் தாங்குகிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் மீன் வாடை ஏறிய பெட்டியை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. போன மழையில் கடைக்குப் பின்னால் ஓடையில் என் கடைப் பெயர் எழுதின மூடி ஒன்று உடைந்து கிடந்தது. கரை நெடுக ஜவ்வரிசி கொட்டின மாதிரி வெள்ளை மணிகள். அன்றிலிருந்து மனசு ஒப்பவில்லை.

ஏரலில் மச்சானுக்கு வாழைத் தோட்டம். தார் வெட்டின மரமெல்லாம் வரப்பில் அழுகிக் கிடக்கிறது. அந்த நாரிலிருந்து நானோசெல்லுலோஸ் என்ற மிக நுண்ணிய இழையை எடுத்து, தெர்மாகோலைவிட லேசாக ஏரோஜெல் (உள்ளே பெரும்பாலும் காற்றே இருக்கும் திடப்பொருள்) செய்யலாம் என்று படித்தேன். அதில் பெட்டி செய்ய முடியுமா?

வாழைநார் எழுதியது:
அண்ணாச்சி, மூன்று வருடமாக லேபில் நான் செய்வது இதுதான். நாரைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, இழை இழையாகப் பிரிப்போம். 2006-இல் டோக்கியோவில் இசோகாய் என்ற விஞ்ஞானியின் குழு காட்டின வழியில் போனால் இழையின் அகலம் மூன்று நான்கு நானோமீட்டர்தான் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). கிடைக்கும் கூழில் நூற்றுக்கு ஒரு பங்கு இழை, மீதி தண்ணீர். ஆனாலும் பாட்டிலைக் கவிழ்த்தால் விழாது. அதை உறையவைத்து, வெற்றிடத்தில் ஐஸை மட்டும் ஆவியாக்கி எடுத்தால் ஏரோஜெல்.

முதல் வில்லை பாட்டில் மூடி அளவு. உள்ளங்கையில் கனமே தெரியவில்லை. ஆசையாக ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். விழுந்த இடம் அப்படியே குழிந்து, நகம் பதிந்த மாவு மாதிரி ஆகிவிட்டது. ஐஸ் உருகி ஓடும் மீன் பெட்டிக்கு இது எப்படித் தாங்கும்?

அப்புறம் கரண்ட். உங்கள் பெட்டியின் சுவர், மூடி எல்லாம் சேர்த்து 20 லிட்டர் கன அளவு என்று வையுங்கள். அதற்குக் கிட்டத்தட்ட 20 கிலோ தண்ணீரை ஐஸிலிருந்து நேராக ஆவியாக்க வேண்டும். அந்த வெப்பத்துக்கே 15 யூனிட்டுக்கு மேல். வெற்றிடப் பம்பு, குளிரூட்டி எல்லாம் தனி. ஒரு பெட்டிக்கு இது கட்டாது.

ஆனால் உறிஞ்சும் குணம் இருக்கிறதே, அதை விடாதீர்கள். மீன் தட்டுக்கு அடியில் நீர் வாங்கும் மெத்தையாகப் போட இது அருமையான பொருள், கொஞ்சம் போதும். பெட்டிக்கு நுரை முறைதான் வழி: சாதாரணக் காகிதக் கூழை நுரைக்கவைத்து வெறும் சூட்டில் உலர்த்துவது. பின்லாந்தின் விடிடி ஆய்வு மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது.

பேக்கிங்காரன் எழுதியது:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒட்டாமல் இருக்கச் சிலர் ஃப்ளூரின் பூச்சு தருவார்கள். மீன் படும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம், மண்ணிலும் மக்காது. மெழுகுப் பூச்சென்றால்கூட உணவுக்கு உகந்தது என்று சான்று காட்டச் சொல்லி வாங்குங்கள்.

சீலாமீன்:
சரி, ஏரோஜெல்லை விடுகிறேன். காய்ந்த வாழைநாரையே அட்டைப்பெட்டிக்குள் மெத்தை மாதிரி வைத்தால்?

வாழைநார்:
நல்ல யோசனை. நாருக்கு நடுவே நிற்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது, அதனால் அமுக்கித் திணிக்காதீர்கள். நனைந்தால் போச்சு, நாரை உறைபோட்டு மூடிவிடுங்கள். தெர்மாகோல் பெட்டி, நார் பெட்டி இரண்டிலும் 5 கிலோ ஐஸ் வைத்து, காலையில் உருகின நீரை வடித்துவிட்டு மிச்ச ஐஸை நிறுத்துப் பாருங்கள்.

சீலாமீன்:
சனிக்கிழமை ராத்திரி வைக்கிறேன். மச்சான் நார் உரிக்க ஆரம்பித்துவிட்டார். எடையை இங்கேயே எழுதுகிறேன்.