கடலூர்–புதுச்சேரி சாலைக்கு எந்த கேசட்? கலந்து போட்டவர்கள் எழுதுங்கள்

ரோட் பைக் வகை சைக்கிளோடு கடையிலேயே மாட்டி வரும் கேசட்டை, அதாவது பின்சக்கரத்தில் அடுக்காக இருக்கும் பற்சக்கரத் தொகுப்பை, தேயும் வரைக்கும் அப்படியே ஓட்டுபவர்கள்தான் நம் பக்கத்தில் அதிகம். நம் சமவெளிக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

என் வண்டி 9 ஸ்பீடு, அதாவது பின்னால் ஒன்பது பற்சக்கரம். முன்னால் 50, 34 பல் சக்கரங்கள் (50/34), பின்னால் 11 பல்லிலிருந்து 32 பல் வரை (11-32). அதன் பல் வரிசை 11-12-14-16-18-21-24-28-32. செஞ்சியைத் தாண்டி மலைப்பக்கம் போகிறவர்களுக்கு நல்ல கேசட். ஆனால் அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று கடலூர் வரைக்கும் போய் வந்தால், பாலங்களை விட்டால் ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. இங்கே நம்மைப் பிழிவது காற்றுதான். மார்கழியில் வாடை அடிக்கும்போது கடலூரிலிருந்து திரும்பி வருகிற வழி முழுக்க முகத்தில் அறையும். கோடையில் பிற்பகல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும்பிவிட்டால் போகிற வழி அப்படி ஆகிவிடும்.

அந்த நேரத்தில்தான் 18க்கும் 21க்கும் நடுவே இருக்கிற பள்ளம் தெரியும். 25 மிமீ டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் 50-18இல் (முன்னால் 50, பின்னால் 18) மணிக்கு 31.5 கிமீ, 50-21இல் 27 கிமீ. எதிர்க்காற்றில் நான் ஓட்டுவது 29, 30. அதற்கு 18 கனக்கும், தொடை எரியும், 21க்குப் போனால் கால் மட்டும் வேகமாகச் சுற்றும், வண்டி தளர்ந்துவிடும். நடுவில் 19 ஒன்று இருந்தால் போதும், ஆனால் இல்லை. அதே கேசட்டில் 11 இருக்கிறது, 12 இருக்கிறது. 50-11இல் அதே மிதிக்கு 51 கிமீக்கு மேல். நம் ஊரில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால்தான் அந்த வேகம் வரும், அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

அதனால் 14-25 ஒன்றும் 12-27 ஒன்றும், ஒரே கம்பெனியுடையதாக, ஒரே 9 ஸ்பீடாக வாங்கினேன். முதல் கேசட்டின் வரிசை 14-15-16-17-18-19-21-23-25. இரண்டாவது 12-13-14-15-17-19-21-24-27. முதலாவதிலிருந்து 14 முதல் 19 வரை, இரண்டாவதிலிருந்து 21, 24, 27. மொத்தம் 14-15-16-17-18-19-21-24-27. இப்போது 27 கிமீயிலிருந்து 40 வரைக்கும் ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கலாம், 19க்கும் 21க்கும் நடுவில் மட்டும்தான் இரண்டு பல் இடைவெளி. காற்று கொஞ்சம் கூடினால் ஒரே ஒரு கியர் மாற்றி அதே தாளத்தில் மிதித்துக்கொண்டே போவது எவ்வளவு நிம்மதி என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கலக்க நினைப்பவர்கள் முக்கியமாகப் பார்க்கவேண்டியது, எந்த இடத்தில் ஒட்டுப்போடுகிறோம் என்பதை. பற்சக்கரத்தின் பக்கவாட்டில் செயின் ஏறி இறங்குவதற்குச் சரிவுகள் வெட்டியிருப்பார்கள். பக்கத்தில் எத்தனை பல் சக்கரம் வரும் என்பதைக் கணக்கில் வைத்தே அவை வெட்டப்படுகின்றன. 19க்குப் பக்கத்தில் வரவேண்டிய 21ஐ 18க்குப் பக்கத்தில் வைத்தால் செயின் தயங்கும், சத்தம் போடும். மேலே சொன்ன இரண்டு கேசட்டிலும் 19-21 என்ற ஜோடி இருக்கிறது, அதனால் ஒட்டு அங்கே. கியர் மாறும்போது ஒட்டு இருப்பதே தெரியவில்லை. இப்படிப் பொதுவான ஜோடி எது என்று தேடிவிட்டு வாங்குங்கள். பெரிய சக்கரங்கள் மூன்று நான்கு சேர்ந்து ரிவெட் அடித்து வரும் என்பதையும் வாங்கும் முன்னாலேயே பாருங்கள். ரிவெட்டை அரைத்து எடுத்துவிட்டால் தனித்தனியாக வந்துவிடும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும்.

மஞ்சக்குப்பம் உறுப்பினர்:

அண்ணா, என்னுடையது 8 ஸ்பீடு, 11-28. வரிசை 11-13-15-17-19-21-24-28. கேப்பர் மலை ஏறுவதைத் தவிர வேறு எதற்கும் 28 எனக்கு வேண்டியதில்லை, அங்கேகூட 34-26 போதும். அதனால் 13-26க்கு மாறினேன், அது 13-14-15-17-19-21-23-26. அப்புறம் ஒருநாள் சுத்தம் செய்யக் கடையில் விட்டபோது பழைய 11-28ஐ மாட்டி, கேசட்டைக் கழலாமல் இறுக்கும் வளையமான லாக்ரிங்கை மட்டும் 13-26உடையதைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 11இல் போட்டால் செயின் பல்லில் உட்காராமல் ஓரமாக ஏறி நிற்கும். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெய்லரைத் திருகித் திருகிப் பார்த்தும் சரியாகவில்லை. 11க்கான லாக்ரிங் விட்டத்தில் சின்னது, 12க்கும் அதற்கு மேலேயும் வருவது பெரியது. பெரியதை 11க்கு மேல் வைத்தால் செயின் அதன் விளிம்பில் இடிக்கும். கேசட்டோடு வந்த லாக்ரிங்கை அதோடேயே கட்டி வையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 11-32இல் இருக்கும் 12ஐ எடுத்து முதல் சக்கரமாகப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது முடியாது. முதல் இடத்துக்கு வரும் சக்கரத்தின் முகத்தில்தான் லாக்ரிங் கடித்துப் பிடிக்கும் வரிவரியான வெட்டு இருக்கும், இரண்டாம் இடத்துச் சக்கரத்தில் அது இருக்காது.

லாஸ்பேட்டை உறுப்பினர்:

நான் கலக்கவில்லை, ஆனால் பின்சக்கரத்தையே மாற்றியபோது பட்டதைச் சொல்கிறேன். 11 ஸ்பீடு ரோட் ஹப் (நடுக்குடம்) இருந்த பழைய பின்சக்கரம் ஒன்று கிடைத்தது, அதில் என் 9 ஸ்பீடு கேசட்டை மாட்டினேன். லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கியும் கேசட் கையால் ஆட்டினால் ஆடியது. அந்த ஹப்பில் கேசட் உட்காரும் பகுதி பழையதைவிட 1.85 மிமீ நீளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. கேசட்டுக்குப் பின்னால் அதே அளவு ஸ்பேசர் போட்டதும் அசைவே இல்லை. 10 ஸ்பீடில் சில கேசட்டுகளுக்கு இதற்கு மேல் இன்னொரு 1 மிமீயும் வேண்டும். 11 ஸ்பீடு ரோட் கேசட்டுகள் பொதுவாக இந்த நீள ஹப்பில்தான் உட்காரும், ஷிமானோவின் 11-34 விதிவிலக்கு, அது பழைய 8/9/10 ஹப்பிலேயே உட்காரும், 11 ஸ்பீடு ரோட் ஹப்பில் போட்டால்தான் 1.85 ஸ்பேசர் தேவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிற நண்பர் அதைத்தான் போட்டிருக்கிறார், முன்னால் 34 என்றால் கணக்கு ஒன்றுக்கு ஒன்று.

அண்ணா, ஒரு சந்தேகம். மலைக்குப் போகும்போது 32, ஊரில் 27 என்று மாற்றினால் செயினும் இரண்டு வேண்டுமா?

முதலில் எழுதியவர்:

நீளத்துக்காக வேண்டாம் தம்பி. பெரிய பல்லான 32க்கு அளந்து வெட்டிய செயினே 27க்கும் ஓடும். டீரெய்லரின் கூண்டு அந்தத் தொங்கலை இழுத்துப் பிடிக்குமா என்று மட்டும் பார். முன்னால் 50க்கும் 34க்கும் இருக்கும் வித்தியாசம் 16, பின்னால் 14-27க்கு 13, கூட்டினால் 29. 11-32 என்றால் 16ம் 21ம் சேர்ந்து 37. டீரெய்லர் தாங்கும் என்று கம்பெனி சொல்லியிருக்கும் எண் 37க்குக் குறையக்கூடாது. 32 போடும்போது டீரெய்லரைப் பல்லிலிருந்து தள்ளி வைக்கும் பி-டென்ஷன் திருகைக் கொஞ்சம் இறுக்கு, இல்லாவிட்டால் டீரெய்லரின் மேல் புல்லி பல்லில் உரசும்.

தேய்மானத்துக்காக என்றால் இரண்டு செயின் வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கடல் உப்பில் செயின் சீக்கிரம் போகிறது, செயின் நீட்சி பார்க்கும் அளவுகோலில் 0.75 சதவீதம் தாண்டிய செயினைப் புதுப் பல்லில் போட்டால் பல்லைச் சீக்கிரம் தேய்த்துவிடும். நான் ஊர் கேசட்டுக்கு ஒன்று, மலை கேசட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக, குயிக் லிங்க்கோடு (எளிதில் கழற்றி மாட்டும் இணைப்பு), எண்ணெய் தடவி மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன்.