மறு: மின்நிலைய அறிக்கைக்கு ஒரு சொல் – ஆவியிழப்பா, எழுவளியா?

அனைவருக்கும் வணக்கம்.

திரவ இயற்கை எரிவாயுவில் ஓடப்போகும் மின்நிலையம் பற்றிய பொதுமக்கள் அறிக்கைக்கு மற்ற சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. திரவத்தைச் சூடேற்றி மீண்டும் வாயுவாக்குவதற்கு 'மறுவாயுவாக்கம்' எல்லோரும் ஒத்துக்கொண்டது. 'திரவமாக்கப்பட்ட' என்று நீட்டாமல் 'திரவ' என்றே நிறுத்தலாம். பக்கத்துக்குப் பத்து முறை வரும் சொல். ஆனால் 'அமுக்கத் திரவ' என்று ஒருவர் எழுதியிருந்தது ஆகாது. சமையல் எரிவாயுவைத்தான் அமுக்கியே திரவமாக்கலாம். இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கான மீத்தேனை −82.6 பாகை செல்சியசுக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. தொட்டியில் அது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்தில், −162 பாகைக் குளிரில் கிடக்கிறது.

இழுபறி 'பாய்ல் ஆஃப் கேஸ்' ஒன்றில்தான், அதாவது தொட்டியில் கிடக்கும் திரவத்திலிருந்து தானாக ஆவியாகி எழும் வாயு.

> 'ஆவியிழப்பு வாயு' என்றால் பொருள் உடனே விளங்கும்.

விளங்கும், தப்பாக விளங்கும். தொட்டிக்கு உட்சுவர் 9 விழுக்காடு நிக்கல் கலந்த எஃகு, வெளியே கான்கிரீட், நடுவே வெப்பக்காப்பு. இத்தனை இருந்தும் கொஞ்சம் வெப்பம் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அந்த வெப்பத்தைத் திரவத்தின் ஒரு சிறு பங்கு ஏற்று ஆவியாவதால்தான் மீதி குளிர்ந்தே இருக்கிறது. எழும் ஆவியைக் குழாயில் எடுத்து, அமுக்கிச் சுழலிக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் திரவத்தோடு சேர்த்து மறுபடி திரவமாக்குவார்கள். இதில் எங்கே இழப்பு?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,80,000 கனமீட்டர் தொட்டி, நாளுக்கு 0.05 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 90 கனமீட்டர் திரவம், அதாவது சுமார் 54,000 கனமீட்டர் வாயு. நல்ல கூட்டுச்சுழற்சி நிலையம் (எரிவாயுச் சுழலியின் கழிவு வெப்பத்தில் நீராவிச் சுழலியையும் ஓட்டுவது) அதிலிருந்து 14 மெகாவாட் அளவுக்கு இடைவிடாமல் மின்சாரம் எடுத்துவிடும். இதற்கு 'இழப்பு' என்று பெயர் வைப்பது நியாயமில்லை.

> அப்படியானால் 'கசிவாவி'?

இது இன்னும் மோசம். உண்மையிலேயே கசிந்தால் அதற்கு என்ன சொல் மிஞ்சும்? மீத்தேன் காற்றில் கலந்தால், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பமேற்றும். மக்கள் கேட்கவேண்டிய கேள்வியே, தொட்டியில் எழுவதில் எவ்வளவு எரிபொருளாகிறது, எவ்வளவு சுடர்க்கம்பத்தில் (மிஞ்சும் வாயுவை எரித்துத் தீர்க்கும் உயர்ந்த குழாயில்) எரிக்கப்படுகிறது, எவ்வளவு எரியாமல் வெளியே போகிறது என்பதுதான். எழுவதற்கும் போவதற்கும் ஒரே சொல் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

'கொதியாவி'யும் வேண்டாம். அதே நிலையத்தில் நீராவிச் சுழலியும் இருக்கிறது. படிப்பவர் கொதிகலன் பக்கம் போய்விடுவார்.

என் முன்மொழிவு: எழுவளி. ஏவுகணை, ஓடுதளம் போல வினைத்தொகை. எழுந்த, எழுகின்ற, எழும் என மூன்று காலமும் அடங்கும். நிற்காமல் நடக்கும் செயலுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. எழுவளி வீதம், எழுவளி அமுக்கி, எழுவளிக் குழாய் என்று தொடர்களும் தட்டாமல் வருகின்றன.

———

ஐயா, வணக்கம். நான் எரிவாயுச் சுழலிகளில் வேலை பார்ப்பவன். எங்கள் இடத்தில் பாய்ல் ஆஃப் கேஸைச் சுருக்கி 'பி.ஓ.ஜி.' என்றுதான் சொல்வோம், தமிழில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

'இழப்பு' வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நிலையம் பராமரிப்புக்கு நிற்கும்போதும் தொட்டி சும்மா இருக்காது. அப்போது சுழலியும் வாங்காது, மறுபடி திரவமாக்கத் தேவையான திரவ ஓட்டமும் இருக்காது. சுடர்க்கம்பம் எரிவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். சொல் நல்லதாக இருக்கிறது என்பதற்காக அறிக்கையில் இந்தப் பத்தியைச் சுருக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. இந்த வாயு தொட்டித் திரவத்தின் அச்சு நகல் அல்ல. நைட்ரஜன் −196 பாகையிலேயே கொதிப்பதால் அது முந்திக்கொண்டு வெளியேறும். ஆகவே எழுவதில் நைட்ரஜன் பங்கு கூடுதல், வெப்பமதிப்பு குறைவு; கிடக்கும் திரவமோ நாளாக நாளாகக் கனத்துப்போகும். எனவே தனிப்பெயர் அவசியம்தான்.

எனக்கு 'வளி'தான் இடிக்கிறது. அறிக்கை முழுக்க 'எரிவாயு'. இங்கே மட்டும் ஏன் வளி? 'எழுவாயு' என்றே வைக்கலாமே.

———

வைக்கலாம், தம்பி. ஆனால் தட்டச்சில் ஓர் எழுத்து பிசகினால் சுழலிக்குள் எழுவாய் போகும், பின்னாலேயே பயனிலையைத் தேடவேண்டி வரும்!

விளையாட்டு இருக்கட்டும். 'வளி' என்றதும் பலருக்குக் காற்றுதான் நினைவுக்கு வரும் என்பது உண்மை. ஆனாலும் சொல் வேறாகத் தெரிவதே இங்கே நமக்கு உதவி: 'எரிவாயு' என்றால் வாங்கி வந்த சரக்கு, 'எழுவளி' என்றால் தொட்டிக்குள் பிறந்தது. முதல் முறை வரும் இடத்தில் 'தொட்டியில் தானாக எழும் வாயு (எழுவளி)' என்று விளக்கிவிட்டால் போதும். நிலையம் நிற்கும் காலம் பற்றிய பத்தியை நீங்கள் சொன்னபடி முழுதாகவே வைக்கிறேன். அதில் 'எழுவளி எரிப்பு', 'எழுவளி வெளியேற்றம்' இரண்டும் தனித்தனியாக வரும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அடர்த்தி வேறுபட்ட இரண்டு சரக்குகள் ஒரே தொட்டியில் அடுக்காக நின்று, திடீரென்று கலந்து, எழுவளி ஒரேயடியாகப் பெருகும் நிகழ்வு. ஆங்கிலத்தில் 'ரோல்ஓவர்' என்பார்கள். 1971இல் இத்தாலியின் லா ஸ்பேசியா திரவ எரிவாயு முனையத்தில் நடந்தது. காப்பு வால்வுகள் வழியே நெடுநேரம் வாயு வெளியே போனது. பாதுகாப்பு அத்தியாயத்தில் இது வருகிறது. 'அடுக்குப்புரள்வு' என்று குறித்து வைத்திருக்கிறேன். 'உருளல்' என்று யாரும் மொழிபெயர்க்கும் முன் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.