அப்பத்தா பாட்டு ஆடாசிட்டியில் திறக்க மாட்டேன் என்கிறது, எந்த ஃபார்மட்டுக்கு மாற்றுவது?

வைகைக்கரை:
அப்பத்தா பாடிய தாலாட்டும் நடவுப் பாட்டுமாக 23 ஃபைல் இருக்கிறது. 9 போன வருடம் ஐபோனில் எடுத்தது, எம்4ஏ. மிச்சம் 14 சித்தப்பா பழைய பட்டன் போனில் எடுத்தது, எல்லாம் ஏஎம்ஆர் என்கிற பழைய போன் ஃபார்மட். ஆடாசிட்டி என்கிற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருளில் போட்டு ஃபேன் இரைச்சலைக் குறைத்து, ஒன்றாகக் கோர்க்கலாம் என்று பார்த்தால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பெயரின் கடைசியில் எம்4ஏ-வை அழித்து எம்பி3 என்று போட்டும் பார்த்தேன், அதே கதைதான். ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றினால் பாட்டு பாதியில் அறுந்து வருகிறது, மீதிக்குக் காசு கட்டச் சொல்கிறது. விண்டோஸ் 10. எம்பி3 ஆக மாற்றினால் சரியாகிவிடுமா?

ஒலிக்கிறுக்கன்:
பெயரை மாற்றுவது தூக்குவாளியில் சாம்பார் என்று எழுதி ஒட்டுவது மாதிரி, உள்ளே இருப்பது ரசம்தான். எம்4ஏ-க்குள் இருப்பது ஏஏசி என்கிற சுருக்கமுறை, ஆடாசிட்டி தானாக அதைப் படிக்காது, ஏஎம்ஆரையும் படிக்காது. வேவ், ஃபிளாக், எம்பி3, ஓக் எல்லாம் நேரடியாகத் திறக்கும். மற்றதற்கு எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச லைப்ரரியை, அதாவது ஆடாசிட்டிக்குத் துணையாக ஃபைலைப் படித்துக் கொடுக்கும் நிரலை, தனியாக நிறுவ வேண்டும். ஆடாசிட்டி 64 பிட் பதிப்பு என்றால் இதுவும் 64 பிட்டாக இருக்கட்டும், பாதிப் பேர் இடறுவது இந்த இடத்தில்தான். நிறுவியதும் ஆடாசிட்டியை மூடித் திற, அப்போதும் அடம்பிடித்தால் ப்ரிஃபரன்சஸில் லைப்ரரீஸ் பக்கம் போய் ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டு.

எம்பி3 வேண்டாம். அது ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் ஒலியில் கொஞ்சத்தை வீசிவிடும். எம்4ஏ-வில் ஏற்கெனவே ஒருமுறை வீசியாயிற்று, அதை எம்பி3 ஆக்கி, வெட்டி ஒட்டி, மறுபடி எம்பி3 ஆகச் சேமித்தால் மூன்று முறை. வேலை முடியும்வரை எதையும் வீசாத வேவில் வைத்துக்கொள், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பக் கடைசியில் ஒரே ஒரு தடவை எம்பி3 எடு. அதற்காக வேவ் ஆக்கினால் தரம் கூடும் என்று நினைத்துவிடாதே, போனது போனதுதான்.

மதிய_ரயில்:
ஆடாசிட்டியில் லைப்ரரியோடு மல்லுக்கட்டப் பிடிக்காவிட்டால் விஎல்சி பிளேயர் போதும். மீடியா மெனுவில் கன்வர்ட் என்று இருக்கும், வேவ் தேர்ந்தெடுங்கள். அதிலேயே பல ஃபைலைப் பட்டியலில் சேர்த்து ஒரே தடவையில் மாற்றலாம், ஆனால் ஒரே பாட்டாகக் கோர்த்துத் தராது.

சின்னமனூரான்:
இடம் பத்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் பிடிக்கும். பத்திரப்படுத்த ஃபிளாக் நல்லது, எதையும் இழக்காமலேயே சுருங்கும். மூல ஃபைல்களை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

ஒலிக்கிறுக்கன்:
ஏஎம்ஆர் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பழைய போனில் வருவது பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ், அதாவது ஒலியை விநாடிக்கு 8,000 முறை அளந்து பதிவது. அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கீச்சு ஒலி எதுவுமே பதிவாகி இருக்காது. பேச்சுக்காகச் செய்த முறை, பாட்டை அதில் போட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல் இருக்கும். 48,000-க்கு ஏற்றினாலும் ஃபைல்தான் பெருக்கும். இன்னொன்று, இரண்டு போனின் இரைச்சலும் வேறு வேறு. இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டிக்குக் காட்டும் இரைச்சல் மாதிரியை ஒன்றில் எடுத்து இன்னொன்றுக்குப் போடாதே, பாட்டு ஆரம்பிக்கும் முன் ஃபேன் மட்டும் கேட்கிற இரண்டு மூன்று விநாடியை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேர்ந்தெடு. சேர்ப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்.

வைகைக்கரை:
திறந்துவிட்டது! நான் போட்டிருந்தது 32 பிட் லைப்ரரி, மாற்றியதும் 23-ம் வந்துவிட்டன. ஐபோன் பாட்டில் ஃபேன் சத்தம் கிட்டத்தட்டப் போய்விட்டது. சித்தப்பா எடுத்ததில் ரொம்பக் குறைத்தால் அப்பத்தா குரலும் சேர்ந்து கரகரக்கிறது, அதனால் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். நடவுப் பாட்டு ஒன்றின் நடுவில் "இது ஓடுதாடா இன்னும்?" என்று கேட்கிறார், அதை வெட்டவில்லை.