ராத்திரியில் தானாக ஓடும் பிரஷர் பம்ப், சோலாரில் சொட்டும் தண்ணீர்

பெருந்துறைக்காரன்:
வணக்கமுங்க. மாடியில் மேல்தொட்டி, பக்கத்தில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர். மேல் பாத்ரூமில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதென்று பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் அரை எச்பி பிரஷர் பம்ப் போட்டோம், சுடுதண்ணீர் பழையபடி தானாகத்தான் இறங்குகிறது. ஒரு வாரமாக எந்தக் குழாயும் திறக்காமலே பம்ப் ஓடுகிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது. காலையில் பார்த்தால் சோலார் ஏர் வென்ட் குழாயில் (டேங்கில் காற்று போகத் திறந்திருக்கும் குழாய்) தண்ணீர் சொட்டித் தளமெல்லாம் ஈரம், குளிக்கப் போனால் வெதுவெதுப்புதான். பம்ப் போச்சு, மாத்துங்க என்கிறார் பிளம்பர். மார்கழி வேறு, அப்பாவுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது.

மோட்டார்கடை, கோவை:
பம்பை மாற்றாதீங்க தம்பி. வென்ட்டில் சொட்டுவதே காட்டிக்கொடுக்கிறது. பச்சைத் தண்ணீரும் சுடுதண்ணீரும் கலந்து வரும் மிக்ஸர் குழாயில் ரெண்டு குமிழும் திறந்திருந்து முனை மட்டும் மூடியிருந்தால், பிரஷரில் வரும் பச்சைத் தண்ணீர் அதற்குள்ளேயே திரும்பிச் சுடுதண்ணீர் லைனில் மேலே ஏறும், ஏனென்றால் அந்தப் பக்கம் அதைத் தடுக்க ஆளில்லை. ஏறிய தண்ணீர் சோலார் டேங்கை ஆற வைத்துவிட்டு வென்ட் வழியாக வெளியே போகும். இன்று படுக்கும் முன் சோலாரிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடிப் பாருங்கள். பம்ப் சத்தம் நின்றால் நான் சொன்னதுதான். வென்ட் திறந்திருக்கும் வரை வால்வை மூடுவதில் பயமில்லை, ஆனால் சொட்டுகிறதே என்று வென்ட்டை மட்டும் அடைத்துவிடாதீங்க, டேங்க் உப்பிக் கிழியும்.

உப்புத்தண்ணி ஈரோடு:
வால்வை மூடியும் ஓடினால் பம்போடு இருக்கும் என்ஆர்வியை, அதாவது தண்ணீரைத் திரும்ப விடாத ஒருவழி வால்வைக் கழற்றிப் பாருங்க. எங்கள் போர் தண்ணீருக்கு அதன் மூடியில் வெள்ளையாக உப்பு படிந்து, முழுசாக உட்காராமல் தண்ணீர் மேல்தொட்டிக்கே திரும்பிவிட்டது. வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன், செலவு அவ்வளவுதான். குழாய் திறந்திருக்கும்போது பம்ப் டக் டக்கென்று நின்று நின்று ஓடினால் அது வேறு கதை, பம்போடு இருக்கும் சின்ன பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். பம்பை நிறுத்தி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, டேங்கின் டயர் வால்வு மாதிரி இருக்கிற ஊசியை அமுக்குங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. வரவில்லையென்றால் சைக்கிள் பம்பே போதும், பம்ப் ஆன் ஆகிற பிரஷருக்குக் கொஞ்சம் கீழே வரை காற்று பிடியுங்கள்.

பெருந்துறைக்காரன்:
அண்ணா, கேட் வால்வை மூடினேன், விடிய விடியச் சத்தமே இல்லை! அம்மா துணி அலச வசதியாக இருக்குமென்று மிக்ஸர் முனையில் ஹெல்த் பாசெட் (கையில் அமுக்கினால் பீய்ச்சும் குழாய்) மாட்டி, ரெண்டு குமிழையும் திறந்துவைத்துக் கையில் அமுக்கி மட்டும் பயன்படுத்தியிருக்கிறார். மாட்டிய நாளும் ஒரு வாரத்துக்கு முன்னாடிதான். சுடுதண்ணீர் லைனுக்கும் ஒரு என்ஆர்வி போட்டுவிடட்டுமா?

மோட்டார்கடை, கோவை:
போடுங்க, மிக்ஸருக்குப் போகும் சுடுதண்ணீர் லைனில். ஸ்பிரிங் வைத்தது வேண்டாம், தானாக இறங்கும் தண்ணீருக்கு அதைத் தள்ளித் திறக்கத் தெம்பு இருக்காது. மூடி ஆடுகிற பித்தளை வால்வு கேளுங்கள், அம்புக்குறி பாத்ரூமைப் பார்த்து இருக்கட்டும். அதுவரை அம்மாவிடம் குமிழை மூடச் சொல்லுங்க.