டைகேரியானுக்கு ‘உடன்கரு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் பூஞ்சை இனப்பெருக்கச் சொற்களில் வித்து (spore), வித்துக்கலன் (sporangium), தூளியம் (conidium) மூன்றையும் பெரிய சண்டையில்லாமல் ஏற்றுக்கொண்டோம். கலனுக்குள் உருவாகி, அது வெடித்த பின் வெளிவருவது வித்து. பெனிசிலியத்தில் போல இழை நுனியில் வெளிப்புறமாகவே சரம் சரமாகக் கிள்ளப்பட்டு உதிர்வது தூளியம். இந்த வேறுபாடு தெளிவாக இருப்பதால் சொல்லும் எளிதில் அமைந்தது. டைகேரியான் (dikaryon), அதாவது ஒன்றாகாத இரண்டு உட்கருக்கள் ஒரே செல்லில் சேர்ந்திருக்கும் நிலை, இதற்கான தமிழ்ச்சொல்தான் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போகிறது. இரட்டைக்கரு, இருகரு, இணைகரு, உடனுறைகரு என்று பல முன்மொழிவுகள் வந்துவிட்டன. என் கருத்தைச் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

முதலில் பொருள். இரண்டு இனச்செல்கள் கலந்தால் உடனே உட்கருக்களும் ஒன்றாகி, இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்ட இருமடிய நிலை வந்துவிடும் என்றுதான் விலங்குகளை வைத்துப் படித்திருக்கிறோம். காளான்களில் இவை இரண்டும் வெவ்வேறு காலத்து நிகழ்ச்சிகள். ஒத்துப்போகும் இரு இழைகள் தொடும் இடத்தில் சுவர் கரைந்து சைட்டோபிளாசம் கலக்கிறது. உட்கருக்கள் மட்டும் கலக்காமல், ஒவ்வொரு செல்லிலும் இரண்டு இரண்டாகத் தங்கிவிடுகின்றன. இழை வளரவளர இந்த நிலையே மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் தொடரலாம். குடைக்காளான் வெளியே தலைகாட்டி, அதன் செவுள்களில் பசிடியம் என்ற வித்து தாங்கும் செல் உருவாகும்போதுதான் இரண்டும் ஒன்றாகின்றன. அந்த இருமடிய நிலை சிறிது நேரமே நீடிக்கும். உடனே குரோமோசோம் தொகுதியைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு நடந்து, நான்கு உட்கருக்கள் நான்கு காம்புகள் வழியே நான்கு வித்துகளுக்குள் போய்விடும்.

ஆகவே நமக்கு வேண்டிய சொல் ஒரே தொகுதி குரோமோசோம் உள்ள ஒருமடியத்தையும் குறிக்கக் கூடாது, இருமடியத்தையும் குறிக்கக் கூடாது. ‘இரட்டைக்கரு’ இங்கேயே அடிபட்டுப் போகிறது. மாணவர் அதை இருமடியம் என்றே படிப்பார். ‘இருகரு’ எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. இரண்டு உட்கரு இருக்கும் செல்லெல்லாம் டைகேரியான் ஆகாது. மனிதக் கல்லீரலிலும் இரண்டு உட்கரு உள்ள செல்கள் உண்டு, அவற்றை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கே இரண்டும் வெவ்வேறு இணைவகையிலிருந்து (mating type) வந்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில் பிரியவும் வேண்டும்.

‘இணைகரு’ கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அது வினைத்தொகை: இணைந்த கரு, இணைகின்ற கரு, இணையும் கரு. இன்னும் இணையவில்லை என்பதுதான் இங்கே செய்தியே! ‘இணைக்கரு’ என்று ஒற்று மிகுத்து எழுதினால் சோடி என்ற பொருள் வரும், உண்மைதான். ஒரே ஒரு ‘க்’ஐ நம்பி ஒரு கலைச்சொல்லை விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. அச்சில் முதலில் விழுவதே ஒற்றுதான். போதாததற்கு, உட்கரு இணைவு என்பது ஏற்கெனவே கேரியோகேமிக்கு, அதாவது உட்கருக்கள் ஒன்றாவதற்கு, புழங்குகிறது.

‘உடனுறைகரு’வைத்தான் முதலில் விரும்பினேன். உடன் உறைதல், சேர்ந்து வாழ்தல், பொருள் கச்சிதம். சிக்கல் ‘உறை’யில். உட்கரு உறை என்பது உட்கருவைச் சூழ்ந்த சவ்வு. ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் திணறுவார். ‘தம்பதிக்கரு’ என்று ஒருவர் சொன்னது வேடிக்கைக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். ஸ்கைசோஃபில்லம் கம்யூன் என்ற ஒரே காளானில் 20,000-க்கும் மேற்பட்ட இணைவகைகள் இருக்கின்றன. அங்கே ஆண் யார், பெண் யார்?

எனவே உறையைக் கழற்றிவிட்டு, ‘உடன்கரு’ என்று முன்மொழிகிறேன். சேர்ந்திருப்பதைச் சொல்கிறது, கலந்ததாகச் சொல்லவில்லை. கூட்டுச்சொல்லுக்கும் வளைந்து கொடுக்கிறது: உடன்கரு நிலை, உடன்கரு இழை. கோதுமைத் தண்டுத் துருப்பூஞ்சையில் இதைச் சோதித்துப் பார்த்தேன். பக்சீனியா கிராமினிஸ் ஐந்து வகை வித்துகளை உண்டாக்குவது. கோதுமைத் தண்டில் செம்பழுப்புத் தூளாகக் கையில் ஒட்டும் யுரிடோ வித்தில் இரண்டு உட்கரு தனித்தனியே இருக்கும். அது உடன்கரு வித்து. பருவக் கடைசியில் வரும் கறுத்த டீலியோ வித்து இரண்டு செல் கொண்டது. அது முதிரும்போது ஒவ்வொரு செல்லிலும் உட்கருக்கள் ஒன்றாகி, இருமடிய வித்தாகிறது. இரண்டு சொல்லும் மோதாமல் நிற்கின்றன.

எடுத்துக்காட்டு எழுதப்போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் ஓரிகானில் 9 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவிய ஆர்மில்லேரியா என்ற காளானை உடன்கரு இழைக்குச் சான்றாகக் காட்டிவிடாதீர்கள். அது இந்த விதிக்கு விலக்கு. அதன் இழை பெரும்பாலும் இருமடியமே.

இன்னொன்று பாக்கி. காளான் இழையில் நுனிச்செல் பிரியும்போது பக்கத்தில் ஒரு சிறு வளைவு பின்னோக்கி முளைக்கிறது. பிரிந்த உட்கருக்களில் ஒன்று அதற்குள் போகிறது. வளைவின் முனை பின்னாலுள்ள செல்லோடு ஒட்டி, அந்த உட்கருவை அங்கே சேர்க்கிறது. ஒவ்வொரு செல்லுக்கும் இரு வகையிலும் ஒவ்வொன்று கிடைப்பது இதனால்தான். பட்டியலில் இதற்கு ‘பிடி இணைப்பு’ (clamp connection) என்று இருக்கிறது, சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. சில பூஞ்சைகளில் வித்துகள் உருவாகும் பை போன்ற செல்லான ஆஸ்கஸ் (ascus) தோன்றும் இழைநுனியும் இதேபோல் வளைகிறது. அதற்கு இன்னும் சொல்லே வைக்கவில்லை. இரண்டுக்கும் ‘கொக்கி’ என்றே வைத்து, இழைக்கொக்கி, பைக்கொக்கி என்று பிரிக்கலாமா? ஆஸ்கஸுக்குப் ‘பை’ உறுதியானால்தான் இரண்டாவது நிற்கும். அதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.