மறுமொழி: ரியாக்‌ஷன் டைம் – மூன்று நேரம், மூன்று சொல்

'ரியாக்‌ஷன் டைம்' என்பதற்குத் தமிழில் 'எதிர்வினை நேரம்' என்ற பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பிள்ளைகளிடம் நாம் அளப்பது ஒரே நேரம் அல்லவே. விளக்கு எரிந்ததிலிருந்து விரல் அசையத் தொடங்கும் வரை ஒன்று. அங்கிருந்து பொத்தான் அழுந்தும் வரை இன்னொன்று. இரண்டும் சேர்ந்தது மூன்றாவது. தூண்டல் (stimulus), துலங்கல் (response) இரண்டும் பாடநூலில் வேரூன்றிய சொற்கள். ஆகவே மொத்தத்தைத் துலங்கல் நேரம் என்போம். முதற்பகுதி வினைத்தொடக்க நேரம், அடுத்தது அசைவு நேரம்.

கிராமப் பள்ளிகளில் இந்தப் பிரிப்பு மிக அவசியம். மவுஸ் பிடித்தே பழகாத பிள்ளையைக் கணினி முன் உட்காரவைத்தால், கை தடுமாறுவதெல்லாம் அசைவு நேரத்தில் ஏறும். எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதினால் பிள்ளைக்கு 'மந்தம்' என்று முத்திரை விழும். இது பெரிய அநியாயம்.

அளவுகோலை விழவிட்டுப் பிடிக்கும் சோதனை தருவதும் துலங்கல் நேரம்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தீப்பெட்டியின் கனத்தளவு இடைவெளி விட்டால் அசைவு நேரம் குறைவாகவே சேரும். இடைவெளி ஆளுக்கு ஆள் மாறினால் ஒப்பிடவே முடியாது. பூஜ்யக் கோடு கட்டைவிரலின் மேல்விளிம்போடு பொருந்தட்டும். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிவிட்டு விடக்கூடாது. பிள்ளை முன்கூட்டியே மூடிவிடும். அளவுகோல் விழுந்த தூரமே நேரத்தைச் சொல்லும்: 10 செ.மீ.யில் பிடித்தால் 143 மில்லிவினாடி, 20 செ.மீ. என்றால் 202, 30 என்றால் 247. சிறு பிள்ளைகள் பலருக்கு 30 செ.மீ. அளவுகோல் கைநழுவிப் போகும். நழுவியவற்றைக் கழித்துவிட்டுச் சராசரி எடுத்தால் மெதுவான பிள்ளை வேகமானவளாகத் தெரிவாள். மீட்டர் கோல் பயன்படுத்துங்கள், 50 செ.மீ. வரை விழுந்தால் 319 மில்லிவினாடி. பத்து முறை செய்து இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுப்பது நல்லது.

—

(இன்னொருவரின் பதில்) மூன்று சொற்களும் எனக்கு உடன்பாடே. ஒன்று சேர்க்க வேண்டும். டச்சு உடலியல் அறிஞர் டோண்டர்ஸ் 1868இல் பிரித்துக் காட்டியபடி, ஒரே விளக்குக்கு ஒரே பொத்தான் என்பது வேறு. இரண்டு விளக்கில் எது எரிந்தது என்று பார்த்து அதற்குரிய பொத்தானை அழுத்துவது வேறு. முன்னதை 'எளிய', பின்னதைத் 'தெரிவு' என்று அடைகொடுத்துச் சொல்லலாம். 'தேர்வு' வேண்டாம், பள்ளியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் பரீட்சை என்று பயந்துவிடுவார்கள், கை விறைத்துவிடும். முழங்கால் தட்டலில் வரும் அனிச்சைச் செயலுக்கு இச்சொற்கள் எதுவும் பொருந்தாது. அது தண்டுவடத்தோடு முடிந்துவிடுவது.

பதிவுத்தாளில் நழுவிய முறையை வெற்றிடமாக விடாமல் 'நழுவியது' என்றே எழுதச் சொல்லுங்கள். இடைநிலை அளவு எடுக்கும்போது அதை மிக மெதுவான முறையாக வரிசையின் கடைசியில் வைக்கலாம்.