குற்றவியல் நீதியோடு பொதுக்கொள்கையும் சேர்த்துப் படிக்கலாமா?

கேள்வி: குற்றவியல் நீதி முதல் வருஷம் படிக்கிறேன். துணைப்பாடமாகப் பொதுக்கொள்கை எடுக்க ஆசை. ஆனால் புள்ளியியல் இருக்கிறது. கணக்கு என்றாலே எனக்குக் கை நடுங்கும். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுடாதே தம்பி. நானும் அதே பயத்தில் ஒரு வருஷம் தள்ளிப்போட்டவன். மனசை மாற்றியது அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரத்தில் நடந்த போலீஸ் ரோந்து ஆய்வு. 1972-73இல் அங்கே 15 காவல் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு, மீதி ஐந்தில் கூப்பிட்டால் மட்டும் போலீஸ் வரும். கடைசியில் பார்த்தால் குற்றத்திலும் சரி, மக்களுடைய பயத்திலும் சரி, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை! அந்த அட்டவணைகளை வரிவரியாக விரல் வைத்துப் படித்த ராத்திரி இன்னும் ஞாபகம் இருக்கு. எல்லாரும் நம்புகிற ஒன்றைச் சோதித்துப் பார்க்கச் சொல்லித் தருவது இந்தப் பாடம்தான்.

பதில்: அண்ணன் சொல்வது சரி. அதற்காக ரோந்தே வீண் என்று முடிவு கட்டிடாதே. பிறகு மினியாபொலிஸ் என்ற இன்னொரு அமெரிக்க நகரத்தில் குற்றம் மலிந்த தெருமுனைகளாகப் பார்த்து ரோந்தைக் கூட்டினார்கள், பலன் தெரிந்தது. எங்கே, எவ்வளவு என்பதில்தான் விஷயம்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா, அக்கா. நாளைக்கே பெயர் கொடுக்கிறேன். முதலில் எதைப் படித்து வைக்கட்டும்?

பதில்: மாதிரி எடுக்கும் முறை, அதாவது எல்லாரையும் கேட்காமல் சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து மொத்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது. அது புரிந்தால் பாதி பயம் போய்விடும்.